விசிறி உதறினால் விமானம் உதிரும்

மறையூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கரும்பு ஆட்டும் என்ஜினை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சீசன் முடிவதற்குள் ஏதாவது ஒரு நட்டு கழன்று கிடக்கும். ஆள் வந்து ஸ்பானர் வைத்து முறுக்கிவிட்டுப் போவார். மறுபடியும் கழலும். அதனால் யாருக்கும் உயிர் போவதில்லை. ஆலை நிற்கும், அவ்வளவுதான்.

அதே நட்டு தரைக்கு மேலே ஆயிரம் அடியில் கழன்றால்?

சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. அப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்க வேண்டாம். இதே இடுக்கி மாவட்டத்திலேயே இருக்கிறார். காந்தலூரிலிருந்து மூணாறு, அடிமாலி என்று மலையை விட்டு இறங்கிக்கொண்டே போனால் தொடுபுழா வரும். அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்தான் சஜி தாமஸ்.

பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. மழைக்காலத்துக்கு முன் ரப்பர் தோட்டங்களில் இலை உதிர்வு நோயைத் தடுக்க ஹெலிகாப்டரில் வந்து மருந்து தெளிப்பார்கள். அந்த இரைச்சலைக் கேட்டுத் தலை தூக்கிப் பார்த்த தோட்டத் தொழிலாளிகள் நம்மவர்களிலும் உண்டு. சிறுவன் சஜிக்கு இரைச்சல் கேட்கவில்லை. ஆனால் சுற்றுகிற விசிறியைப் பார்த்தார். அதோடு மனம் அங்கேயே போய்விட்டது. விமானிகளைத் தேடி மும்பைக்கே போனார். புத்தகங்கள் கிடைத்தன. மின் வேலை, போட்டோ பிடிக்கும் வேலை என்று பார்த்துக்கொண்டே விமானம் கட்ட ஆரம்பித்தார்.

முதலில் கட்டியது மோட்டார் சைக்கிள் என்ஜின் வைத்தது. அடுத்து கட்டியது இரண்டு பேர் உட்காரும் சிறு விமானம். அதற்குப் பல வருஷங்கள் பிடித்தன. சுமார் 14 லட்சம் ரூபாய் செலவானதாகப் பத்திரிகைகள் எழுதின. 2014-இல் அது பறந்தது. பறந்தது கேரளத்தில் அல்ல, நம் திருநெல்வேலிச் சீமையில், மணிமுத்தாறில். ஓட்டிப் பார்த்தவர் விமானப் படையில் விங் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்ற எஸ்.கே.ஜே. நாயர். பிறகு 2017-இல் பிருத்விராஜ் நடித்து ‘விமானம்’ என்ற மலையாளப் படம் வந்தது. சஜியின் கதைதான் அதற்கு ஆதாரம்.

படத்தில் காதல் உண்டு, கண்ணீர் உண்டு. பட்டறையில் நடக்கிற உண்மையான சண்டை என்னவோ வேறு. இறக்கை செய்வது பெரிய வித்தை அல்ல. அலுமினியக் குழாயும் துணியும் பொறுமையும் இருந்தால் செய்துவிடலாம். என்ஜினைக் கூட காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த என்ஜினையும் முன்னால் சுழல்கிற விசிறியையும் சண்டை சச்சரவு இல்லாமல் குடும்பம் நடத்த வைப்பதுதான் கஷ்டம்.

<b>பத்து கிராம் கணக்கு</b>

வீட்டில் மின்விசிறி ஒரு பக்கமாக ஆடினால் என்ன செய்கிறோம்? ஒரு இறக்கையில் நாணயத்தை ஒட்டிப் பார்க்கிறோம். ஆட்டம் நின்றால் சரி. விமான விசிறியும் அதே சரக்குதான். ஆனால் அது நிமிஷத்துக்கு 2,500 சுற்று சுற்றுகிறது. அச்சிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி, விசிறி முனையில், ஒரு பக்கம் வெறும் 10 கிராம் எடை கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுழலும்போது அந்த 10 கிராம் அச்சைப் பிடித்து வெளியே இழுக்கிற விசை சுமார் 56 கிலோ! ஒரு ஆள் அச்சைப் பிடித்துத் தொங்குவது போல. அதுவும் ஒரே திசையில் தொங்கவில்லை. விநாடிக்கு நாற்பது தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கிறார்.

எடை சமமாக இருந்தாலும் போதாது. இரண்டு இறக்கைகளும் ஒரே கோணத்தில் காற்றை வெட்ட வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடச் சாய்ந்திருந்தால் அது அதிகமாக இழுக்கும், மற்றது குறைவாக இழுக்கும். முனைகள் இரண்டும் ஒரே வட்டத்தில் ஓட வேண்டும். இதைப் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, விசிறி முனைக்கு நேரே தரையில் ஒரு கட்டையை நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். முதல் இறக்கை கட்டையை உரசினாற்போல் போனால் இரண்டாவதும் அப்படியே போக வேண்டும். சில மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

காசு உள்ளவர்கள் அதிர்வுமானியை என்ஜின் மூக்கில் பூட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். அது அதிர்வை விநாடிக்கு இத்தனை அங்குலம் என்று காட்டும். 0.07-க்குக் கீழே வந்துவிட்டால் நல்ல சமநிலை என்று கொள்வார்கள். அதற்காக விசிறியின் அடித்தட்டில் ஒன்றிரண்டு வாஷர்களைப் பூட்டுகிறார்கள். வீட்டு மின்விசிறியில் ஒட்டும் அதே நாணயம்தான்!

<b>முதல் விமானத்துக்கே வந்த வியாதி</b>

இது ஏதோ அனுபவமில்லாத ஆட்களுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று நினைக்கக் கூடாது. உலகின் முதல் விமானத்தையே இது ஐந்து வாரம் தரையில் உட்கார வைத்தது.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பது தெரிந்த கதை. 1903 நவம்பர் 5-ஆம் தேதி கிட்டி ஹாக் மணல்மேட்டில் என்ஜினை முதன்முதலாக விசிறியோடு பூட்டி ஓட்டினார்கள். என்ஜின் விட்டு விட்டு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் விசிறித் தண்டு உதறியது. தண்டுகள் பழுதாயின. டேட்டனுக்கு அனுப்பிச் சரி செய்து வரவழைத்தார்கள். வந்ததும் சங்கிலிப் பல்சக்கரங்கள் தளர ஆரம்பித்தன. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள். அது நின்றுவிட்டது. ஆனால் நவம்பர் 28-இல் தண்டில் ஒரு வெடிப்பு கண்ணில் பட்டது. ஆர்வில் ரைட் ரயிலேறி ஊருக்குப் போய், குழாய்த் தண்டுக்குப் பதில் கெட்டியான எஃகுத் தண்டு செய்து எடுத்துக்கொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார். 17-ஆம் தேதி விமானம் பறந்தது. அந்த வெடிப்பைத் தரையில் கவனிக்காமல் விட்டிருந்தால் சரித்திரம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

ஐந்து ஆண்டு கழித்து அதே ஆர்வில் ரைட்டுக்கு அதிர்ஷ்டம் கை கொடுக்கவில்லை. 1908 செப்டம்பர் 17. அமெரிக்க ராணுவத்துக்கு விமானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் லெப்டினன்ட் தாமஸ் செல்பிரிட்ஜ் உட்கார்ந்திருந்தார். பறக்கும்போதே ஒரு விசிறி பிளந்தது. உதறிய விசிறி ஒரு கட்டுக் கம்பியில் போய் மோதியது. விமானம் தலைகீழாக விழுந்தது. செல்பிரிட்ஜ் இறந்தார். என்ஜின் பூட்டிய விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர். ஆர்வில் கால் முறிந்து பிழைத்தார்.

<b>சுற்றுகிற என்ஜின்கள் இரண்டு ஜாதி</b>

அதிர்வுக்குப் பெரும் காரணம் பிஸ்டன் மேலும் கீழும் அடிப்பதுதானே? அடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிற என்ஜின் செய்தால் என்ன? இந்த யோசனை பழையது. அதற்கு ‘ரோட்டரி’ என்று பெயர். இதில் ஒரு குழப்பம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு என்ஜின்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலாவது, பிரான்சில் செகுவான் சகோதரர்கள் செய்த ‘நோம்’ என்ஜின். 1909 முதல் விமானங்களில் பறந்தது. இதில் கிராங்க் தண்டு விமானத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் அத்தனையும் விசிறியோடு சேர்ந்து ராட்டினம் போலச் சுற்றும். சுற்றுகிற அந்தப் பெரிய எடையே பிளைவீல் வேலையும் பார்த்ததால் ஓட்டம் வழவழவென்று இருந்தது. அந்தக் காலத்து விமானிகளுக்கு அது வரப்பிரசாதம். கூடவே தொல்லையும் வந்தது. பம்பரம் மாதிரி சுழலும் கனமான என்ஜின், விமானத்தைத் திருப்பும்போது மூக்கை மேலோ கீழோ தள்ளியது. முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் விமானத்தில் இதனால் பழகாத விமானிகள் பலர் செத்தார்கள். உயவுக்கு ஊற்றியது என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய்! அது எரியாமல் வெளியே தெறித்து விமானியின் முகமெல்லாம் அடித்தது. அதை விழுங்கியவர் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியார் உதவியோடு தாமே ஒரு விமானம் கட்டி 1910 மார்ச்சில் பறந்து காட்டியதும் இந்தக் காலத்தில்தான். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தீவுத்திடலில் ஜனங்களுக்குக் காட்டினார். வீட்டு விமானம் நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது ஜாதி, ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கெல் கண்டுபிடித்தது. 1957-இல் என்எஸ்யு கம்பெனியில் முதலில் ஓடியது. இதில் பிஸ்டனே கிடையாது. இடுப்பு லேசாகச் சிறுத்த நிலக்கடலை மாதிரி ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் உப்பிய சமோசா மாதிரி ஒரு முக்கோண ரோட்டர். அது கூட்டின் சுவரை மூன்று மூலைகளாலும் தொட்டுக்கொண்டே உருளுகிறது. உறிஞ்சுவது, அமுக்குவது, வெடிப்பது, புகை விடுவது எல்லாம் ரோட்டரின் மூன்று பக்கத்திலும் மாறி மாறி நடக்கும். ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1967-இல் இதைக் காரில் வைத்தது. 1991-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வாங்கெல் என்ஜின் காரே ஜெயித்தது.

அமெரிக்காவில் வீட்டு விமானம் கட்டுகிறவர்களில் ஒரு கூட்டம் பழைய மாஸ்டா காரிலிருந்து ‘13பி’ என்ற என்ஜினைக் கழற்றி விமானத்தில் பூட்டுகிறது. இரண்டு ரோட்டர், 1,308 சிசி. வால்வு இல்லை, பிஸ்டன் இல்லை. உடைவதற்குப் பாகங்களே குறைவு. எதிர் எடை போட்டுவிட்டால் என்ஜினின் உடம்பு உதறுவதில்லை. பிறகென்ன கவலை?

<b>ஊஞ்சலை ஆட்டுகிற கை</b>

கவலை இங்கேதான் ஆரம்பம். இந்த என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில்தான் நல்ல சக்தி கொடுக்கும். விசிறியை அந்த வேகத்தில் சுற்ற முடியாது. ஒன்றே முக்கால் மீட்டர் விசிறியை 6,000 சுற்று சுற்றினால் முனை ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பாயும். சத்தம் காதைப் பிளக்கும், இழுவை செத்துப்போகும். ஆகவே நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். 2.17-க்கு 1 என்று குறைத்தால் விசிறி 2,765 சுற்று சுற்றும். அதிலும் கெட்டிக்காரத்தனமாக, ஃபோர்டு காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ள பல்சக்கரத் தொகுதியை எடுத்து இதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

என்ஜினின் உடம்பு உதறவில்லைதான். ஆனால் அது தண்டுக்குக் கொடுக்கிற முறுக்கு ஒரே சீராக வருவதில்லை. வெடிக்கு வெடி தள்ளித் தள்ளித்தான் வருகிறது. தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு தள்ளு. 6,000 சுற்றில் விநாடிக்கு 200 தள்ளு. தண்டின் ஒரு முனையில் என்ஜின், மறுமுனையில் கனமான விசிறி. நடுவில் இருக்கிற எஃகுத் தண்டு கண்ணுக்குத் தெரியாமல் முறுக்கி முறுக்கி விடுபடுகிறது, ஸ்பிரிங் மாதிரி.

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. அது வருகிற நேரம் பார்த்து லேசாகத் தொட்டாலே போதும், ஒவ்வொரு தொடுதலுக்கும் உயரம் கூடிக்கொண்டே போகும். இந்தத் தண்டுக்கும் ஊஞ்சல் போல ஒரு சொந்தத் தாளம் உண்டு. என்ஜினின் தள்ளு அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகிற ஒரு வேகம் வந்தால் தீர்ந்தது. சிறு தள்ளு பெரும் முறுக்காக வளரும். கியரின் பல் கொட்டும். தண்டு முறியும். ரைட் சகோதரர்களின் தண்டும் இப்படி உதறித்தான் கெட்டது.

இந்த முறுக்கதிர்வின் கொடுமை என்னவென்றால், இது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. விசிறி எடை கூடியிருந்தால் இருக்கை அதிரும், கைப்பிடி அதிரும், கண்ணாடி நடுங்கும். முறுக்கதிர்வோ தண்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற மெக்கானிக் இங்கே காது கேளாதவருக்குச் சமம்.

காரில் இது ஏன் வரவில்லை? கார் என்ஜினுக்குப் பின்னால் கனத்த பிளைவீல் இருக்கிறது. கிளட்ச் தட்டில் ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கடைசியில் ரப்பர் டயர் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து தள்ளுகளை விழுங்கிவிடும். விமானம் கட்டுகிறவர் எடை குறைக்கிறேன் என்று இவற்றைக் கழற்றி எறிகிறார். எறிந்ததைத்தான் பிறகு வேறு உருவத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. என்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் ஸ்பிரிங் தட்டோ ரப்பர் இணைப்போ வைத்தால் தண்டின் தாளம் மிகவும் மெதுவாகிவிடும். எவ்வளவு மெதுவாக? என்ஜின் நிற்காமல் முனகிக்கொண்டிருக்கிற வேகத்துக்கும் கீழே. ஸ்டார்ட் செய்யும்போது ஒரு நொடி ‘கடகட’ என்று உதறிவிட்டு அந்த இடத்தைத் தாண்டிவிடும். பறக்கும்போது அந்தப் பக்கமே போகாது. எல்லா வேகத்திலும் தப்ப வழியில்லை என்றால், வேகமானியில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். தாண்டிப் போகலாம், அங்கே நிற்கக் கூடாது.

விசிறிக்கு எத்தனை இறக்கை என்பதிலும் விஷயம் இருக்கிறது. இரண்டு இறக்கை விசிறியோடு விமானம் திரும்பும்போது சுற்றுக்கு இரண்டு முறை ஒரு உதைப்பு வரும். மூன்று இறக்கை என்றால் அது வராது. எந்த மரம், எந்த உலோகம் என்பதும் முக்கியம். மரம் அதிர்வை உள்ளே வாங்கிக் கரைத்துவிடும். அலுமினியம் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள், ஒரு சிறு கீறலிலிருந்து, வெடிக்கும். சோதிக்கப்படாத என்ஜினுக்கு மர விசிறிதான் நல்லது என்று பலர் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். அதற்கும் ஒரு விலை உண்டு. மழைக்காலத்தில் மரம் ஊறி உப்பும். வெயிலில் சுருங்கும், போல்ட்டின் பிடி தளரும். தொடுபுழா மழையில் இறுக்கிய மர விசிறியைச் சின்னாறு தாண்டி உடுமலைப்பேட்டை வெயிலுக்குக் கொண்டுபோனால் மறுபடி இறுக்காமல் ஓட்டக் கூடாது.

<b>கோலார் தந்த விடை</b>

இந்தியாவில் வாங்கெல் என்ஜின் விமானம் பறந்ததில்லையா என்றால், பறந்தது. ஆனால் அது வீட்டில் கட்டியது அல்ல, அதில் ஆளும் இல்லை. நம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ‘நிஷாந்த்’ என்ற ஆளில்லா விமானம். வாலுக்கு முன்னால், உடம்பின் பின்புறம் விசிறி இருக்கும். முதலில் வெளிநாட்டு வாங்கெல் என்ஜினை வைத்திருந்தார்கள். பிறகு பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகமும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்களும் சேர்ந்து 55 குதிரைச் சக்தி ரகத்தில், சுமார் 30 கிலோ எடையில் உள்நாட்டிலேயே ஒன்றைச் செய்தன. 2009 மார்ச் 29-இல் கோலார் அருகே அதைப் பூட்டிய நிஷாந்த் பறந்தது. எத்தனையோ தமிழர்கள் தங்கம் வெட்டிய அதே கோலார்தான்.

ஆய்வகத்தில் செய்தால் அதிர்வை அளக்க மேடை உண்டு, கருவி உண்டு, சம்பளத்துக்கு ஆள் உண்டு. வீட்டில் கட்டுகிறவருக்கு எதுவும் இல்லை. கம்பெனி விமானத்தில் இந்த என்ஜினுக்கு இந்த விசிறி என்று ஜோடி சேர்த்துச் சோதித்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கார் என்ஜினுக்கு அப்படி ஜோடிப் பொருத்தம் பார்த்தவர் யாரும் இல்லை. அமெரிக்க அரசு இதை ஒரு கணக்காகவே வைத்திருக்கிறது. சான்று பெற்ற ஜோடி என்றால் வீட்டு விமானத்தை 25 மணி நேரம் தனியே ஓட்டிச் சோதித்தால் போதும். சான்று இல்லாத ஜோடி என்றால் 40 மணி நேரம். அந்தப் பதினைந்து மணி நேர வித்தியாசம் இந்த உதறலுக்குக் கொடுக்கிற மரியாதை.

இங்கே நம் நாட்டில் அந்த 40 மணி நேரம் ஓட்ட அனுமதி வாங்குவதே தனிக் கதை. மும்பையில் விமானி அமோல் யாதவ் மாடி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2016-இல் கண்காட்சியில் அதை ஊரே பார்த்தது. பதிவு எண் கிடைக்க 2017 ஆயிற்று. இத்தனைக்கும் அவர் படித்தவர், விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஏழாம் வகுப்புப் படித்த, பேச முடியாத ஒருவர் தாளும் மனுவுமாக எங்கெங்கே நின்றிருப்பார்?

மணிமுத்தாறில் அந்த விமானத்தின் சுக்கானைப் பிடித்தவர் அதைக் கட்டியவர் அல்ல. பட்டறையில் ஒருவர் இறுக்கிய போல்ட்டை நம்பி இன்னொருவர் வானத்தில் ஏறினார். அனுபவமுள்ள விமானப் படைக்காரர் அதை அறியாதவராக இருக்க முடியாது. புது விமானத்தில் முதல் முறை ஏறுகிற எவரும் முதலில் ஓடுதளத்தில் மெதுவாக உருட்டிப் பார்ப்பார்கள். பிறகு என்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றி, பிரேக்கில் நிறுத்தி, உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்துக் காத்திருப்பார்கள். ஒரு சுற்று பறந்து இறங்கியதும் கை குலுக்கல், போட்டோ, மாலை எல்லாம் நடக்கும். கூட்டம் கலைவதற்குள் யாராவது ஒருவர் என்ஜின் மூடியைத் திறந்து, டார்க் ரெஞ்சை எடுத்து, விசிறியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.